அத்தியாயம் 7: ஆய்வறிக்கையை நடுவிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு, நெடுங்கண்டம், குமுளி என எல்லையோர ஊர்களில் உளவியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கடைசி செமஸ்டரில் பெரிய தலைவலி புராஜெக்ட் ரிப்போர்ட்தான். தரவு திரட்டும்வரை மலையேறி இறங்கி உற்சாகமாக அலைந்தவர்கள், எழுத உட்கார்ந்ததும் முடங்கிப் போகிறார்கள். முதல் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குவதுதான் இதற்குக் காரணம். "இன்றைய அவசர உலகில் மன அழுத்தம் என்பது..." என்று ஒரு வரி வரும். அதற்கு மேல் கை ஓடாது. பிறகு எங்கிருந்தோ எடுத்த நாலு வரையறைகளை ஒட்டிப் பத்துப் பக்கத்தை நிரப்புவார்கள். மதிப்பிடுபவர் அந்தப் பத்துப் பக்கத்தையும் புரட்டித் தள்ளிவிட்டு நேராகச் செய்முறைப் பகுதிக்குத்தான் போவார்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். அறிக்கை அச்சில் வரும் வரிசை வேறு: தலைப்பு, சுருக்கம், அறிமுகம், செய்முறை, முடிவுகள், விவாதம், மேற்கோள் பட்டியல், பின்னிணைப்பு. எழுத வேண்டிய வரிசை செய்முறை, முடிவுகள், விவாதம், அதன்பின் அறிமுகம், கடைசியாகச் சுருக்கமும் தலைப்பும். நீங்கள் செய்ததை அப்படியே சொல்வதற்கு யாருடைய மேற்கோளும் தேவையில்லை; அதனால் செய்முறையில் கை தடைபடாது.

இந்த வடிவம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1929-ல் 'சைக்கலாஜிக்கல் புல்லட்டின்' இதழில் ஏழு பக்கத்தில் வந்த ஒரு குறிப்புதான் அமெரிக்க உளவியல் கழகத்தின் கையேடாக வளர்ந்தது. 2019 அக்டோபரில் வெளியான அதன் ஏழாம் பதிப்பு நானூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது. பாலக்காட்டுக் கல்லூரிகள் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழும், இடுக்கிக் கல்லூரிகள் கோட்டயத்திலுள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழும் வருகின்றன. பக்க ஓரம், எழுத்தளவு, பைண்டிங் நிறம் போன்றவற்றில் உங்கள் துறை சொல்வதே சட்டம். அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள எண்கள் எல்லாம் நான் இட்டவை. கேள்வி இது: தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகத் தினமும் ஜீப்பில் வந்து ஏலத்தோட்டத்தில் வேலை செய்துவிட்டு மாலையில் திரும்பும் பெண்களுக்கும், தோட்டத்திலேயே தங்கி வேலை செய்யும் பெண்களுக்கும் மன அழுத்தத்தில் வேறுபாடு உண்டா?

யாரைக் கேட்டீர்கள்?

இந்த ஆய்வை நடத்திய மாணவி செய்முறையின் முதல் வரியை இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"இடுக்கி மாவட்டத்தில் புலம்பெயர்ந்து வாழும் 120 தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் இந்த ஆய்வில் பங்கேற்றனர்."

இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு இன்னொருவர் இந்த ஆய்வைத் திரும்பச் செய்ய முடியாது. இடுக்கியில் தமிழ்த் தொழிலாளர் என்று ஒரே கூட்டம் கிடையாது. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறையாக லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்கள் ஒரு வகை. கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி 1897-ல் தொடங்கப்பட்ட காலத்தை ஒட்டி மலையேறியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காலையில் வந்து மாலையில் கீழே இறங்குபவர்கள் இன்னொரு வகை. அவர்களுடைய ரேஷன் கார்டும் ஓட்டும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தேனி மாவட்டத்தில் இருக்கின்றன. பீருமேட்டில் 2000-ஐ ஒட்டித் தோட்டங்கள் மூடப்பட்ட பிறகும் லயத்தை விட்டுப் போகாமல் கிடைத்த கூலிக்குப் போனவர்கள் மூன்றாவது வகை. நிரந்தர வேலை, போனஸ், வீடு, பயணம் என எல்லாவற்றிலும் இவர்களுக்குள் வேறுபாடு உண்டு. மன அழுத்தத்தை அளக்கும் ஆய்வில் இதைச் சொல்லாமல் விட்டால் வேறு எதைச் சொல்லியும் பயனில்லை.

'புலம்பெயர்ந்தோர்' என்பதும் யோசித்துப் போட வேண்டிய அடையாளம். தினமும் வீடு திரும்புகிறவர் புலம்பெயர்ந்தவர் ஆகமாட்டார். பாலக்காட்டுப் பக்கம் இந்தப் பிழை இன்னும் பெரிதாகத் தெரியும். சித்தூர் வட்டத்தில், எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் சுற்றுவட்டாரத்தில், தமிழ் பேசும் குடும்பங்களில் பல எங்கிருந்தும் வந்தவையல்ல. எல்லைதான் அவர்களுக்குப் பக்கத்தில் வரையப்பட்டது. தேவிகுளம், பீருமேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு 1954-ல் நடந்த போராட்டத்தைப் படித்தவர்கள் இந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகப் போடமாட்டார்கள். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினாலும் இதே பிழை வரும். அங்கே இன்னும் சரளமாக வரும்.

சரி, திருத்தி எழுதுவோம்:

"தேனி மாவட்டத்தின் போடி, கம்பம் வட்டாரங்களிலிருந்து தினமும் ஜீப்பில் வந்து திரும்பும் 60 பெண்களும், உடும்பன்சோலை வட்டத்தின் ஏலத்தோட்டங்களில் குறைந்தது ஓராண்டாகத் தங்கி வேலை செய்யும் 60 பெண்களும் பங்கேற்றனர். அனைவரும் 21 முதல் 58 வயதுக்குட்பட்டவர்கள். வீட்டில் தமிழ் பேசுபவர்கள். ஜீப் நிற்கும் இடங்களிலும் குடியிருப்புகளிலும் நேரில் அணுகிக் கேட்கப்பட்ட 138 பேரில் 18 பேர் மறுத்துவிட்டனர்."

நான்கு வாக்கியங்கள்தான். யார், எங்கே, எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என எல்லாம் வந்துவிட்டன. மறுத்தவர்களின் கணக்கைப் பலர் மறைப்பார்கள். அது தங்கள் குறை என்று நினைப்பு. அதைச் சொல்வதால்தான் அறிக்கையின் மேல் நம்பிக்கை வரும். ஜீப் ஸ்டாண்டில் கிடைத்தவர்களைப் பிடித்துக் கேட்டுவிட்டு 'சமவாய்ப்பு மாதிரி' என்று எழுதுவது மட்டும் வேண்டாம். வைவாவில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

எந்த மாதம்? பக்கத்தில் யார் நின்றார்கள்?

தரவு திரட்டிய மாதத்தையும் ஆண்டையும் கட்டாயம் எழுதுங்கள். நம் பகுதியில் இது சடங்குக்காக எழுதுவதல்ல. 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்து மூணாற்றில் பெண் தொழிலாளர்கள் தாங்களாகவே சாலையில் உட்கார்ந்தார்கள்; பெண்பிளை ஒருமை என்ற அவர்களுடைய அமைப்பு உருவானது அப்போதுதான். அதற்கு ஆறு மாதம் முன்பும் பின்பும் அதே பெண்களிடம் சுயமதிப்பு வினாத்தாளைக் கொடுத்திருந்தால் ஒரே விடை வந்திருக்குமா? 2018 ஆகஸ்டில் வெள்ளமும் மண்சரிவும். 2020-ல் பொதுமுடக்கம் வந்தபோது வாளையாரும் குமுளியும் போடிமெட்டும் அடைபட்டன. தினக்கூலிக்கு வந்துபோனவர்களின் பிழைப்பு அன்றே நின்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ராஜமலையின் பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் இறந்தார்கள். மூணாறு வட்டாரத்தில் அந்த மழைக்காலத்தில் எடுத்த பதற்ற மதிப்பெண்ணையும் அதற்கு முந்தைய கோடையில் எடுத்ததையும் தேதி சொல்லாமல் ஒரே பட்டியலில் சேர்த்தால் அது தவறான தகவல்.

நம் ஏலத்தோட்ட ஆய்வில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நாம் பயன்படுத்தும் மன அழுத்த வினாத்தாள் கடந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் கேட்கிறது. அந்த மாதம் காய் எடுப்பு மும்முரமாக நடந்த மாதமா, வேலை குறைந்து வாரத்துக்கு இரண்டு நாள் கூலி மட்டும் கிடைத்த மாதமா? ஒரு வரி போதும், எழுதிவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது, கேள்வி கேட்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது. கங்காணியோ சூப்பர்வைசரோ பத்தடி தூரத்தில் நிற்கும்போது "வேலையில் எரிச்சல் வருகிறதா?" என்று கேட்டால் யார்தான் ஆமாம் என்பார்கள்? லயத்தில் கேட்டால் பக்கத்து வீட்டுக்கும் காது உண்டு. மாமியார் முன்னால் மருமகள் சொல்லும் பதில் ஒன்று, தனியாகச் சொல்வது ஒன்று. வினாத்தாளை அவர்களே படித்து நிரப்பினார்களா, நீங்கள் வாசித்துக் காட்டிக் குறித்தீர்களா, ஒருவரிடம் பேச எத்தனை நிமிடம் ஆனது, இவையெல்லாம் செய்முறையில் வர வேண்டும். பாதிப் பேருக்கு வாசித்துக் காட்டி மீதிப் பேரை நிரப்பச் சொல்லியிருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

இவ்வளவு விவரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2015-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய கூட்டு ஆய்வு வந்தது. பேர்பெற்ற உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் காட்டின. உளவியல் துறையே அதிர்ந்தது. அதன்பிறகு ஒரு அறிக்கையைக் கையில் எடுப்பவர் முதலில் பார்ப்பது, இதை வைத்து நான் திரும்பச் செய்ய முடியுமா என்பதைத்தான்.

எதைக் கொண்டு அளந்தீர்கள்?

"மன அழுத்த வினாத்தாள் பயன்படுத்தப்பட்டது" என்பது போதாது. எத்தனை கேள்வி, எந்த அளவில் விடை, மொத்த மதிப்பெண் எதிலிருந்து எதுவரை, அதிகமானால் என்ன பொருள் என்பதைச் சொல்லுங்கள். ஷெல்டன் கோஹனும் உடனாய்வாளர்களும் 1983-ல் வெளியிட்ட உணரப்பட்ட மன அழுத்த அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவத்தில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 0 முதல் 40. அதில் நான்கு கேள்விகள் நல்ல மாதிரியாகக் கேட்கப்பட்டவை. அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுத்தான் கூட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு மொத்தத்தைத் தவறாகக் கணக்கிட்ட அறிக்கைகள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. திருப்பிப் போட்டதாக ஒரு வாக்கியம் எழுதுவது உங்களுக்கே ஒரு சரிபார்ப்பு.

மொழி விஷயத்தில் எல்லையோரத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், ரிப்போர்ட்டில் ஆங்கிலம். எந்த மொழி வடிவத்தைக் கொடுத்தீர்கள், அதை யார் பெயர்த்தார்கள், எந்த ஊர் மக்களிடம் சோதித்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே சரிபார்த்த தமிழ் வடிவம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நீங்களே பெயர்த்தால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிடுங்கள். 1970-ல் பிரிஸ்லின் எழுதிவைத்த முறை இது. பிறகு உங்கள் மாதிரியில் கிடைத்த குரோன்பாக் ஆல்ஃபாவைக் கணக்கிட்டுக் கொடுங்கள். மூல ஆசிரியருக்குக் கிடைத்த ஆல்ஃபாவை எடுத்துப்போட்டு முடித்துவிடுவது நம் கல்லூரிகளில் ஊறிப்போன பழக்கம். அது அமெரிக்காவில் கேட்ட மக்களின் நம்பகத்தன்மை. உடும்பன்சோலைக்கு அது சான்றாகாது.

இசைவும் பாதுகாப்பும்

தோட்ட மேனேஜர் அனுமதித்தார் என்பதால் தொழிலாளி இசைந்தார் என்று ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கினால், படிக்கத் தெரிந்த, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடன் இருந்ததை எழுத வேண்டும்.

மனச்சோர்வு அளக்கும் ஒன்பது கேள்வி வினாத்தாளைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. 'ஆம்' என்று ஒரு பெண் சொன்னால் நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருந்தீர்கள்? டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். அந்த எண்ணைக் கொடுத்தீர்களா, யாரிடம் அனுப்பினீர்கள் என்பது அறிக்கையில் இருக்க வேண்டும். அப்படி ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் அந்த வினாத்தாளை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போகவே கூடாது.

அடையாளம் மறைப்பதும் இங்கே கடினம். "47 வயது, கணவரை இழந்தவர், சூப்பர்வைசர்" என்று எழுதி டிவிஷன் பெயரையும் போட்டால், பெயரை மறைத்து என்ன பயன்? ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். டிவிஷன் பெயரை விடுங்கள். வயதைப் பத்தாண்டு வரம்பில் சொல்லுங்கள்.

முடிவுகள்

இந்தப் பகுதியில் எண்கள் மட்டும் பேசட்டும். காரணம் தேட வேண்டாம். நம் கற்பனை ஆய்வில்:

"தினமும் பயணிப்பவர்களின் சராசரி மன அழுத்த மதிப்பெண் 21.4 (திட்டவிலக்கம் 5.8). தங்கி வேலை செய்பவர்களின் சராசரி 18.6 (திட்டவிலக்கம் 6.1). 2.8 புள்ளி வேறுபாடு குறிப்பிடத்தக்கது: டி(118) = 2.58, பி = .011, வேறுபாட்டின் 95% நம்பக இடைவெளி 0.65 முதல் 4.95 வரை, கோஹன் முறையில் விளைவளவு 0.47."

பி மதிப்பு மட்டும் போதாதா? போதாது. வேறுபாடு தற்செயலாக வந்திருக்கக் கூடுமா என்பதை மட்டுமே அது தொட்டுச் சொல்லும். எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை விளைவளவுதான் சொல்லும். இங்கே 0.47 என்பது ஏறக்குறைய நடுத்தரம். நம்பக இடைவெளியைப் பாருங்கள்: உண்மை வேறுபாடு ஒரு புள்ளிக்கும் கீழே இருக்கலாம், ஐந்து புள்ளி வரையும் போகலாம். இதைப் பார்த்தவர் விவாதத்தில் "மிகக் கடுமையான அழுத்தம்" என்று எழுதமாட்டார். பட்டியலில் கொடுத்த எண்ணை வாக்கியத்திலும் திரும்ப எழுதாதீர்கள். ஒரே தரவுக்குப் பட்டியல், பட்டை வரைபடம், வட்ட வரைபடம் என மூன்றும் போடுவது பக்கம் நிரப்பும் வேலை.

எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்றால்? அப்படியே எழுதுங்கள். முடிவைப் பார்த்த பிறகு கருதுகோளை மாற்றி, முதலிலேயே அப்படித்தான் நினைத்ததுபோல் எழுதும் பழக்கத்தை நார்பர்ட் கெர் 1998-ல் பெயர் வைத்தே கண்டித்தார். வேறுபாடு இல்லை என்பதும் ஒரு முடிவுதான். அதற்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர் தவறு செய்கிறார்.

விவாதம்

"தினசரிப் பயணம் மன அழுத்தத்தை உண்டாக்குகிறது." இந்த வரியை எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள். பயணிக்கும் பெண்களையும் தங்கும் பெண்களையும் நீங்கள் பிரிக்கவில்லை; வாழ்க்கை பிரித்துவைத்திருக்கிறது. பயணிப்பவர்களுக்கு ஊரில் சின்னப் பிள்ளைகள் இருக்கலாம், கடன் இருக்கலாம், காலை நாலு மணிக்கே எழுந்து சமைக்கும் கட்டாயம் இருக்கலாம். "பயணிப்பவர்களிடம் அழுத்தம் கூடுதலாகக் காணப்பட்டது, பயணம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், வீட்டுப்பொறுப்பும் வருமான வேறுபாடும் இந்த ஆய்வில் கட்டுப்படுத்தப்படவில்லை" என்று சொன்னால் யாரும் உங்களைக் குறைத்து மதிப்பிடமாட்டார்கள்.

குறைபாடுகள் பத்தியில் "மாதிரி சிறியது, நேரம் குறைவு" என்று எல்லோரும் எழுதும் இரண்டு வரியால் யாருக்கும் லாபமில்லை. உங்கள் ஆய்வின் குறையைச் சொல்லுங்கள். ஜீப் புறப்படும் அவசரத்தில் கேட்டதால் பயணிப்பவர்களின் விடைகள் வேகமாக வந்திருக்கலாம் என்பது உண்மையான குறைபாடு.

அறிமுகம்

இப்போது அறிமுகம் எளிது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பெரிய விஷயத்தில் தொடங்கி உங்கள் கேள்வியில் குறுகி முடியுங்கள். ஆய்வுகளை "இன்னார் இந்த ஆண்டில் இதைக் கண்டார், அன்னார் அந்த ஆண்டில் அதைக் கண்டார்" என்று வரிசையாக அடுக்காதீர்கள். எது தெரிந்திருக்கிறது, எதில் முரண்பாடு, எது கேட்கப்படவே இல்லை என்பதைச் சுற்றி அடுக்குங்கள்.

நம் பகுதிக்குப் பொருந்தும் பழைய ஆய்வு ஒன்றைப் படிக்கச் சொல்வேன். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியென்தால் என்ற ஆலைக் குடியிருப்பில், ஆலை மூடியபின் மக்கள் எப்படி ஆனார்கள் என்று மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் 1933-ல் நூலாக எழுதினார்கள். 478 குடும்பங்களுக்கும் குறிப்பட்டை வைத்தார்கள். "மக்கள் விரக்தியில் இருந்தனர்" என்று சொல்லி நிறுத்தவில்லை. தெருவில் ஆண்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை முறை நிற்கிறார்கள் என்று மறைவாக நின்று எண்ணினார்கள். கைநிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்ததைக் காட்டினார்கள். மூடிய பீருமேட்டுத் தோட்டங்களைப் பற்றி எழுதப்போகிற பிள்ளை இந்த நூலைப் படிக்காமல் தொடங்கக் கூடாது.

சுருக்கம், தலைப்பு, பிறகு

சுருக்கம் 250 சொல்லுக்குள் அடங்க வேண்டும்: கேள்வி, யார், எப்படி, என்ன கிடைத்தது, அதன் பொருள். அறிக்கையில் இல்லாத எதுவும் சுருக்கத்தில் வரக் கூடாது. தலைப்பில் கேரளம் முழுவதையும் இழுக்காதீர்கள். "உடும்பன்சோலை ஏலத்தோட்டப் பெண் தொழிலாளர்களிடம் தினசரிப் பயணமும் மன அழுத்தமும்" போதும்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வைவா முடிந்த பிறகு, கண்டதைத் தமிழில் ஒரே பக்கத்தில், பட்டியலும் பி மதிப்பும் இல்லாமல் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் நீங்கள் கேட்ட பெண்களிடம் அதை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் ஏதாவது மறுத்துச் சொன்னால் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்துக்குப் போகும் ஜூனியருக்கு அந்தக் குறிப்பைக் கொடுங்கள்.